அட்டையின் பின்புறம்

ஹான்காக் ஊரில், பாலத்துக்கு இந்தப் பக்கம்,
ஆணி முதல் அடுப்புக் குழாய் வரை விற்கும் கடை.
மூன்றாம் கல்லாவில் நான்.
சட்டையில் குத்தியிருந்த பெயர் மார்லிஸ்.
மார்லிஸ் வேலையை விட்டுப் போய் இரண்டு வாரம்;
எனக்கான பெயர்த் தகடு இன்னும் வந்து சேரவில்லை.

காலையிலிருந்து பனி.
வரிசையில் எல்லோர் கையிலும் உப்பு மூட்டை.
அவர் ஒருவர்தான்
கூரைப் பனி வழிக்கும் நீளக் கம்பியை
ஈட்டிபோல நிமிர்த்திப் பிடித்து
விளக்கில் இடித்துவிடாமல்
மெல்ல மெல்ல நகர்ந்து வந்தார்.

கம்பி, ஒரு பூட்டு, ஒரு பை பறவைத் தீனி.
அட்டையை வாங்கித் திருப்பினேன்.
கையெழுத்து இருக்கவேண்டிய வெள்ளைப் பட்டையில்
பேனா அழுந்தி, கொட்டை எழுத்தில்:
அடையாள அட்டை கேட்கவும்.

கேட்டேன்.

பின்னால் நின்ற பெண்
நான் கேட்டதைக் கேட்டு
மூட்டையைத் தொப்பென்று தரையில் இறக்கினாள்.
அவர் கோபிக்கவில்லை.
கையுறையைப் பல்லால் கடித்து உருவியபடி,
"ஒன்பது வருஷம்" என்றார்.
"பெட்ரோல் போட்டிருக்கிறேன், பல் கட்டியிருக்கிறேன்,
டுலூத்தில் ஒரு சவப்பெட்டிகூட வாங்கியிருக்கிறேன்.
ஒருத்தரும் திருப்பிப் பார்த்ததில்லை.
நீதான் முதல் ஆள், மார்லிஸ்."

நான் திருத்தவில்லை.

ஓட்டுநர் உரிமம். ஆர்வோ லாஹ்டினென்.
படத்தில் மழித்த முகம்;
எதிரே தாடி, தாடியில் உருகும் பனி.
கண்களை வைத்துத்தான்
சரி என்று தலையாட்டினேன்.

"சரியா?" சிரித்தார்.
"ரெய்னோ வந்து நின்றாலும் சரி என்றுதான் சொல்வாய்.
எனக்குப் பதினாலு நிமிஷம் இளையவன்.
என் அட்டையைக் கொண்டுபோய்
படகு மோட்டார் ஒன்று, டயர் இரண்டு வாங்கினான்.
என் பெயரை
என்னைவிட அழகாகப் போட்டிருந்தான்.
வங்கியில் ரசீதை நீட்டி
இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள்.
முதல் எழுத்தின் சுழிப்பை
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஆமாம், என்னுடையதுதான் என்றேன்.
இருபத்திரண்டு மாதம் கட்டினேன்."

கையெழுத்து நன்றாக இருந்தால்
தலையெழுத்து நன்றாக இருக்காது என்பார்கள்.
இவருடையது கோழிக் கிறுக்கல்.
இடது கை.
மை காயுமுன் உள்ளங்கை அதன்மேல் இழுபட்டு
பாதிப் பெயர் கலங்கிப் போயிற்று.
சீட்டைக் கல்லாவில் போட்டேன்.
கம்பியை நிமிர்த்திக்கொண்டு
கதவை முதுகால் தள்ளி வெளியேறினார்.

அடுத்தது உப்பு மூட்டை.
அவளுடைய அட்டையின் பின்புறம் வெறுமையாக இருந்தது.
அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசி.
கால்வாயில் பனிக்கட்டி உடைந்து
தட்டுத் தட்டாக நகர்ந்துகொண்டிருந்தது.
அதே தாடி. அதே கண்கள்.
"பறவைகள் வந்தனவா?" என்றேன்.
"எந்தப் பறவைகள்?" என்றார்.

மேசைமேல் வைத்தது ஒரு ஸ்பார்க் பிளக்.
படகு மோட்டாருக்கு.
பழைய மாடல், இப்போது யாரும் கேட்பதில்லை,
அடித்தட்டில் மண்டியிட்டுத் தேடி எடுத்திருக்கிறார்,
முழங்காலில் தூசி.
ரொக்கமாக நீட்டினார்.

ரொக்கத்துக்குப் பெயர் கிடையாது.
யாரென்று கேள் என
இருபது டாலர் நோட்டின் முதுகில்
எவரும் எழுதி வைப்பதில்லை.
கேட்க வாயெடுத்து
விலையைச் சொன்னேன்.

என் சட்டையில் அதற்குள் என் பெயர் வந்திருந்தது.
அதைப் படித்தார்; பிறகு
மற்ற கல்லாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
"மார்லிஸ் என்று ஒரு பெண் இருப்பாளாமே,
இன்றைக்கு வரவில்லையா?"

"வேலையை விட்டுப் போய்விட்டாள்" என்றேன்.
அது உண்மைதான்.

மீதிச் சில்லறையை
அவர் நீட்டிய வலது கையில் வைத்தேன்.